ஒன்றரைப் பாட்டுக்காரர்

செய்தி வந்தபோது நான் லண்டன் மோர்டன் சுற்றுவட்டத்துக்குள், ஐந்து தடவை ஓட்டச் சோதனையில் தவறிய ஓர் அம்மாவை ஆறாவது தடவைக்குத் தயார்படுத்திக்கொண்டிருந்தேன். கார் பழக்குவது என் தொழில். மற்றவர்கள் ஓட்டுவார்கள், நான் பக்கத்தில் இருந்து வேர்ப்பேன். இருபது வருடமாக இதுதான். காரின் சிறிய திரையில் 'அக்கா' என்று எழுத்து விழுந்தது. இந்தக் காருக்கு அந்தப் பெயர் புதிது. பதினொரு வருடத்தில் நான் மூன்று கார் மாற்றிவிட்டேன், அக்கா ஒரு தடவையும் அழைக்கவில்லை.

"தம்பி, அவர் மோசம் போயிட்டார்" என்றார் அக்கா.

"ஆர்?" என்று கேட்டேன். அக்காவுக்கு இருப்பது ஒரேயொரு 'அவர்'. அதுகூட எனக்கு அந்த நேரம் ஓடவில்லை.

"ஆரோ? உன்ர அத்தான்."

இதைக் கேட்டதும் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, "ஐயோ சிவனே" என்று கும்பிட்டார். பிரேக்கை நான் மிதித்தேன். பின்னால் வந்த பஸ் எங்களுக்கு ஹோர்ன் அடித்து அனுதாபம் தெரிவித்தது. உயிரோடு இருந்தபோது என் வீட்டு விசேஷத்தைக் குழப்பினார், போகும்போது என் பாடத்தையும் குழப்பிவிட்டார் என்பதுதான் எனக்கு வந்த முதல் நினைப்பு. நல்ல நினைப்பல்ல. ஆனால் வந்தது அதுதான்.

டொன் பாப்லோ மிராசோல் அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பெயின் நாட்டின் புகழ்பெற்ற பாடகர். நான் சொல்லவில்லை, அவருடைய விசிட்டிங் கார்டு அப்படிச் சொல்கிறது. 'டொன்' என்பது அங்கே பெரியவர்களின் பெயருக்கு முன்னால் மற்றவர்கள் போடும் மரியாதைச் சொல். இவர் மற்றவர்களுக்குச் சிரமம் கொடுக்காமல் தானே போட்டுக்கொண்டார். என் ஒரே அக்கா புவனேஸ்வரியின் கணவர். அந்த வழியில் எனக்கு அத்தான்.

இந்தக் கல்வெட்டைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இது என்னவென்று தெரியாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டோடு, இறந்தவரின் படத்தையும் அவரைப் புகழ்ந்து நாலு பேர் எழுதியதையும் அச்சடித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். இதில் இதுவரை ஒரு கெட்டவரும் வந்ததில்லை. எங்கள் கல்வெட்டுகளை மட்டும் வாசித்து ஒருவன் யாழ்ப்பாணத்தை எடைபோட்டால், அங்கே குடித்தவர் இல்லை, காணிச் சண்டை பிடித்தவர் இல்லை, எல்லாரும் புன்சிரிப்போடு விருந்தினரை உபசரித்தபடியே இறந்துபோனார்கள் என்று நினைப்பான்.

அக்கா அன்று தொலைபேசியிலேயே சொன்னார். "கல்வெட்டுக்கு நீயும் எழுது. புகழ்ந்து எழுத ஆள் கனக்க இருக்கு. உனக்கு அவரைப் பிடிக்காது. நீ எழுது."

நான் உடனே ஓம் என்றேன். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் இரண்டு முறையும் தமிழில் ஒரு முறையும் கோட்டை விட்டவன் நான். கடைசியாக எழுதிய நீண்ட வசனம் கவுன்சிலுக்கு எழுதிய பார்க்கிங் முறைப்பாடு. அப்படிப்பட்டவன் ஏன் ஓம் என்றேன் என்பதை மறைக்கப் போவதில்லை. வருகிற கோடையில் என் மகள் ஆரணிக்குக் கலியாணம். அழைப்பிதழை அவளே கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தாள். அக்கா வாங்கி வைத்தார், வாறன் என்று சொல்லவில்லை. பதினொரு வருடமாக என் வீட்டுப் படி மிதிக்காதவர். ஆரணி வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாள்: "அப்பா, மாமி வராட்டி நான் மணவறையில இருக்கமாட்டன். ஐம் நொட் ஜோக்கிங்." அவள் பகிடி விடுகிற பிள்ளை அல்ல. தாயைப் போல.

ஆகவே அக்காவைக் கலியாணத்துக்கு வரவைக்கவே எழுதுகிறேன். இனி மிராசோல் அவர்களின் வாழ்க்கை.

அவர் ஸ்பெயினின் தெற்கே ஒரு துறைமுகப் பட்டினத்தில் பிறந்தார். தகப்பனார் கப்பல் கப்டன் என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். இன்னொரு நாள், மாட்டுச் சண்டை வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த டொக்டர் என்றார். சவரக்கடை வைத்திருந்தார் என்று அக்கா பிறகு சொன்னார். அதில் என்ன வெட்கம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நேர்மையான தொழில். மகனுக்கும் அதைப் பழக்கியிருந்தால் எங்களில் பலருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் கடையில் பாடினார். வந்தவர்களின் கழுத்தில் கத்தி இருந்தபடியால் ஒருவரும் எழும்பிப் போகவில்லை. அதைத் திறமை என்று நம்பி மட்ரிட் போனார். அங்கேதான் அந்தப் பாட்டு வந்தது. எலுமிச்சம்பழம் விற்கிற ஒரு பெண்ணிடம், ஒரு பழம் தா, ஒரே ஒரு பழம் தா என்று மூன்றே முக்கால் நிமிடம் கெஞ்சுகிற பாட்டு. அவள் கொடுக்கவில்லை. நாடு முழுக்க மூன்று கோடைகாலம் அது ஒலித்ததாம். கடற்கரை, ஹோட்டல் நீச்சல் குளம், முடி வெட்டும் கடை, சவ அடக்கம் ஒன்றைத் தவிர எல்லா இடத்திலும். சனிக்கிழமைத் தொலைக்காட்சியில் வெள்ளை சூட்டுடன் வருவார். பெண்கள் மயங்கி விழுந்தார்கள் என்பார். நான் அந்த நாட்டுக்கு ஆடி மாதத்தில் போயிருக்கிறேன். பாட்டே இல்லாமலும் அங்கே ஆட்கள் மயங்கி விழுகிறார்கள்.

பிறகு தென் அமெரிக்கப் பயணம். "குஞாதோ, விமான நிலையத்தில் ஆயிரம் பேர் நின்றார்கள்" என்று என்னிடம் கண் கலங்கச் சொல்லியிருக்கிறார். குஞாதோ என்றால் அவர்களின் பாஷையில் மச்சான். விமான நிலையத்தில் ஆயிரம் பேர் நிற்பது வழமைதானே, அவர்களுக்குப் பிளேன் இருக்கும் என்றேன். அக்கா மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

இரண்டாவது பாட்டு எடுபடவில்லை. அதில் பாதியை ஒரு சோப் விளம்பரத்துக்கு எடுத்தார்கள். அதனால் நான் அவரை எப்போதும் ஒன்றரைப் பாட்டுக்காரர் என்றே என் மனைவி வதனியிடம் சொல்லிவந்தேன். ஒன்றரைப் பாட்டோடு அவர் ஐம்பது வருடம் சீவித்தார் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனக்கு அரைப் பாட்டும் இல்லை. அந்தக் காலத்தில் இரண்டு மனைவிமார் வந்து, பாட்டைக் கேட்டு, போனார்கள். பிறகு தொண்டையில் ஒப்பரேஷன். குரல் போனது. நல்ல பாடகன் அதோடு நிறுத்தியிருப்பான். இவர் ஒரு கடற்கரை ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்தில், உல்லாசப் பயணிகள் கோழி சாப்பிடும்போது, தன்னுடைய பழைய இசைத்தட்டை ஓடவிட்டு வாயை அசைக்கும் உத்தியோகத்தில் சேர்ந்தார்.

அந்த ஹோட்டலில்தான் என் அக்கா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

நான் அப்போது லண்டனில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்றேன். அக்காவை ஒரு ஏஜென்சிக்காரன் வேறு ஏழு பேரோடு அழைத்துவந்து, ஒரு கிழமையில் லண்டன் என்று சொல்லி அங்கே இறக்கிவிட்டு மறைந்துபோனான். மற்ற ஏழு பேரும் ஒவ்வொருவராக எப்படியோ வெளிக்கிட்டார்கள். அக்கா நாலு வருடம் அந்த ஹோட்டலில் துணி தோய்த்து அயர்ன் பண்ணினார். அதில் அந்த வெள்ளை சூட்டும் ஒன்று.

ஏன் அந்த மனிதரைக் கட்டினீர்கள் என்று அக்காவிடம் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "எல்லாருக்கும் பாடுவார். ஆனா சூட் சரியா விழுந்திருக்கோ எண்டு கேக்க, குசினிக் கதவடியில நிக்கிற என்னைத்தான் பாப்பார்" என்றார்.

"சூட்டுக்காகத்தானே பாத்திருக்கிறார்?"

"ஓம். அந்த நாலு வருசத்தில என்னை அதுக்குக்கூட வேற ஆரும் பாக்கேல்லை."

அவர்கள் லண்டனுக்கு வந்தபோது அக்காவிடம் இரண்டு சூட்கேசும் ஒரு ஸ்பானியரும் இருந்தார்கள். விசாப் பேப்பருக்காகக் கட்டியிருப்பாள் என்று சனம் கதைத்தது. உண்மையைச் சொன்னால், அப்படி இருக்கட்டும் என்று நானும் கோயிலில் வேண்டிக்கொண்டேன். பேப்பர் கிடைத்தது. அவர் போகவில்லை. இருபத்தைந்து வருடம் சட்டனில் அந்த இரண்டாம் மாடி வீட்டில் இருந்தார். அக்கா ஆஸ்பத்திரி லோண்டரியில் ஷிப்டுக்குப் போவார். அவர் வீட்டில் இருந்து குரலைப் பாதுகாப்பார். இல்லாத குரலுக்கு இவ்வளவு காவல் போட்ட மனிதரை நான் கண்டதில்லை. குப்பை வாளியை வெளியே வைக்கமாட்டார், குளிர்காற்று தொண்டைக்குக் கூடாது. பாத்திரம் கழுவமாட்டார், ஆவி தொண்டைக்குக் கூடாது. ஆனால் இடியப்பமும் சொதியும் தொண்டைக்கு நல்லது என்று எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். பதினேழு. நான் எண்ணவில்லை, வதனி எண்ணினாள்.

ஒரு தடவை எனக்குத் தெரிந்தவரின் மொத்தக் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். காலை எட்டு மணிக்குப் போனவர் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் நின்றார். "அங்கே என்னை ஒருவருக்கும் தெரியவில்லை" என்றார். அதுதான் காரணம். வேறொன்றும் இல்லை. கார் பழக்கவும் பார்த்தேன். சீட் பெல்ட் போட்டால் சூட் கசங்கும் என்றார். வெள்ளைக்காரச் சோதனை அதிகாரிக்குக் கையெழுத்திட்ட படம் கொடுத்தார். அந்த அதிகாரி இன்றைக்கும் என்னைக் கண்டால், பாடகர் சுகமா என்று கேட்டுச் சிரிக்கிறார்.

வருடத்துக்கு ஒரு தடவை தென் லண்டனில் வயதான ஸ்பானியர்களின் சங்கம் ஒன்றில் அவருடைய கச்சேரி நடக்கும். என்னிடம் ஸ்பீக்கர் பெட்டி இருந்தபடியால் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். சி.டி.யைப் போடுவது நான். வாயசைப்பது அவர். ஆக, லண்டனில் மிராசோல் அவர்களின் இசைப் பயணத்தில் பாதிப் பங்கு என்னுடைய ஆட்காட்டி விரலுக்கு உண்டு. ஒரு தடவை சி.டி. நடுவில் சிக்கி, ஒரு பழம், ஒரு பழம், ஒரு பழம் என்று நின்றுவிட்டது. அவரும் அசராமல் ஒரு பழம், ஒரு பழம் என்று வாயை அசைத்துக்கொண்டே நின்றார். அந்தக் கிழடுகள் அழுதுகொண்டு கைதட்டின. ஏமாறுகிறவர்களையும் ஏமாற்றுகிறவரையும் அவ்வளவு சந்தோஷமாக ஒரே அறையில் நான் கண்டதில்லை. திரும்பி வரும்போது காரில், "இன்றைக்குக் குரல் நன்றாக இருந்தது, இல்லையா?" என்று கேட்டார். பகிடி என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் பகிடி இல்லை.

இனிப் பதினொரு வருடத்துக்கு முந்திய அந்த நாள்.

ஆரணி பெரியபிள்ளையானதற்கான சாமத்தியச் சடங்கு. மோர்டனில் மண்டபம். வீடியோ, மூன்று அடுக்குக் கேக், பல்லக்கு, நான் போட்டிருந்த வேட்டி சால்வை. என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கமராக்காரப் பெடியன், "அங்கிள், கொஞ்சம் மூச்சை உள்ளுக்கு இழுங்கோ" என்று மூன்று தரம் சொன்னான். சடங்கில் ஆலாத்தி எடுப்பது முக்கியம். வாழைப்பழத் துண்டில் திரி கொளுத்திய தட்டை இரண்டு பெண்கள் சேர்ந்து பிடித்து, பிள்ளைக்கு முன்னால் சுற்றுவார்கள். சோடி சோடியாக மேடைக்கு அழைக்க, அறிவிப்பாளரிடம் ஒரு பட்டியல் இருக்கும். முதல் தட்டு மாமிக்குரியது. தகப்பனின் சகோதரிக்கு. ஆரணிக்கு ஒரே மாமி என் அக்கா.

காலையில் மண்டபத்துக் குசினியில் வதனியின் பெரியம்மா என்னைப் பிடித்தார். "கோயில்ல தாலி கட்டாதவள். அந்தாளுக்கு இவள் மூண்டாவது. அவளைக் கொண்டு முதல் தட்டை எடுப்பிச்சா நாளைக்குப் பிள்ளைக்குத்தான் கூடாது. நீர் தகப்பன், யோசியும்" என்றார்.

நான் யோசித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. யோசிக்கவில்லை. வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பேனை கிடந்தது. அதை எடுத்து, பட்டியலில் முதலாவதாக இருந்த அக்காவின் பெயரை வெட்டினேன். அவ்வளவுதான். ஒரு கோடு. அந்தப் பட்டியலில் வேறெங்கேயாவது அக்காவைச் சேர்க்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. சாப்பாடு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கப் போய்விட்டேன்.

அறிவிப்பாளர் முதல் சோடியை அழைத்தபோது அக்கா மேடைப் படிக்குக் கீழே நின்றார். சேலைக் கொய்யகத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். வேறு இரண்டு பெயர் வந்தது. அக்கா காலை எடுக்கவில்லை. அடுத்த சோடி வந்தது, அக்காவைச் சுற்றிக்கொண்டு ஏறியது. அதற்கடுத்த சோடி. அறுநூறு கண் அந்தப் படியைப் பார்த்தது. என் கண் பார்க்கவில்லை.

அப்போதுதான் மிராசோல் அவர்கள் மேடையில் ஏறினார். அறிவிப்பாளர் தண்ணீர் குடிக்க வைத்த மைக்கை எடுத்தார். எலுமிச்சம்பழக்காரியைத் தொடங்கினார். சி.டி. இல்லை. அன்றைக்குத்தான் அவர் சொந்தக் குரலில் பாடியதை நான் முதன்முதல் கேட்டேன். எண்ணெய் காணாத கேற் ஒன்றை யாரோ மெதுவாகத் திறப்பது போல இருந்தது. மண்டபம் ஒரு கணம் திகைத்தது, பிறகு சிரித்தது. பெடியள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒருவன் "வன்ஸ் மோர்" என்றான். நான் என் கழுத்தில் கைவைத்து மைக்காரனுக்கு வெட்டு என்று காட்டினேன். மைக் செத்தது. அவர் நிற்கவில்லை. கையை விரித்து, மைக் இல்லாமலே மூன்று சரணமும் பாடி முடித்து, குனிந்து வணங்கினார். அக்கா படியிலிருந்து காலை எடுத்தார். அவருடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து நான் இலவசமாகக் கிடைத்த எல்லாக் காதுக்கும் ஒரே கதையைச் சொல்லிவந்தேன். அறிவிப்பாளர் அவசரத்தில் ஒரு பெயரைத் தவறவிட்டார், அதற்கிடையில் அந்தாள் ஏறிப் பாடிச் சடங்கையே கெடுத்துப்போட்டார், அக்கா வெட்கத்தில் போய்விட்டார். பெயர் எப்படித் தவறியது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாட்டு அவ்வளவு கேவலமாக இருந்தது. அவர் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

செத்தவீட்டில் எங்கள் ஆட்கள் ஐம்பது பேர், ஸ்பானியக் கிழவர்கள் பதினான்கு பேர். பெட்டி உள்ளே போகும்போது அந்தப் பாட்டையே போட்டார்கள். கடைசிக் கச்சேரிக்கும் சி.டி.தான். ஒரு ஸ்பானியப் பாட்டி கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பெட்டிமேல் வைத்தார். எனக்குப் பின்னால் இருந்த பெரியம்மா, அவருக்கு இப்போது தொண்ணூறு, "பாத்தியே, கண்ணூறுக்கு வைக்கிறா. அவையளுக்கும் தெரிஞ்சிருக்கு" என்று மெச்சினார். பாவம், பெட்டிக்குள் இருக்கிறவருக்கு இனி யார் கண்ணூறு படப்போகிறது என்று நினைத்தேன். அக்கா அழவில்லை. பெட்டியை மூடுமுன், அவருக்குப் போட்டிருந்த சூட்டின் கொலரை மட்டும் ஒரு தடவை இழுத்துச் சரிசெய்திருந்தார்.

அதற்கு இரண்டு கிழமை கழித்து இந்தக் கட்டுரையை எழுதி முடித்தேன். அதாவது, முதலில் எழுதிய கட்டுரையை. அதில் மிராசோல் அவர்கள் ஒரு மாமனிதர். தன் துணைவி சபை நடுவில் அவமானப்பட்டு நிற்பதைக் கண்டு பொறுக்காமல், எல்லாருடைய பார்வையையும் தன்மீது திருப்பவே தன் உடைந்த குரலைப் பணயம் வைத்துப் பாடினார் என்று எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்தது. வதனிக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் வந்தது. இதை வாசித்தால் அக்கா கட்டாயம் வருவார் என்று நினைத்து, ஒரு ஞாயிறு மத்தியானம் சட்டனுக்குக் கொண்டுபோனேன்.

அக்கா குசினி மேசையில் இருந்து, கண்ணாடி போட்டு, விரலால் வரி பிடித்து வாசித்தார். முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை ஆர் சொன்னது உனக்கு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. யோசிச்சுப் பாத்தன். அப்பிடித்தானே இருந்திருக்கும்?"

"விசரா. அவருக்கு ஆலாத்தி எண்டா என்னெண்டே தெரியாது. வீட்டை வாற வழியில கேக்கிறார், ஏன் நல்ல வாழைப்பழத்தில நெருப்பு வைச்சுப் பழுதாக்கிறியள் எண்டு. மைக் சும்மா கிடந்தது. கண்டார், பாடினார். சனம் சிரிச்சதைக்கூடச் சந்தோசத்தில சிரிக்குதுகள் எண்டுதான் நினைச்சவர். பஸ்ஸில பாட்டுத்தான் வழிமுழுக்க."

"அப்ப அவர் பாடின வெக்கத்திலதானே நீங்கள் எழும்பிப் போனியள்?"

"அவர் பாடினதுக்கோ?" அக்கா சிரித்தார். பதினொரு வருடத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு, எனக்குப் பிடிக்கவில்லை. "அவர் கண்டபடி பாடுறதைக் கேட்டுத்தானே வாழ்ந்தனான். பாட்டு முடியுமட்டும் நான் நிண்டது தெரியுமோ? உன்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். இப்ப பாப்பான், இப்ப பாப்பான் எண்டு. நீ மைக்காரனைப் பாத்தாய்."

 குளிர்சாதனப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"பேரை வெட்டினது பெரியம்மாவோ, நீயோ?"

"நான்தான்."

"தெரியும். அவவுக்கு எழுதத் தெரியாது." தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். "அவர் ஒண்டும் தெரியாமல் செய்தார். நீ எல்லாம் தெரிஞ்சு செய்தாய். இப்ப அவரைப் பெரிய ஆளாக்கிப்போட்டு அவருக்குப் பின்னால ஒளிக்கப் பாக்கிறாய். அந்தாளுக்குப் பின்னால ஒளிக்க ஏலாது, தம்பி. அவ்வளவு அகலம் இல்லை."

நான் அழைப்பிதழைப் பற்றிக் கேட்டேன். ஆரணியின் கலியாணத்தில் முதல் ஆலாத்தி நீங்கள்தான் எடுக்கவேண்டும், நான் எல்லாரிடமும் சொல்கிறேன், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று மளமளவென்று சொன்னேன்.

"அண்டைக்கு நான் புருசனோட நிண்டனான். அப்ப ஏலாது எண்டாய்" என்றார் அக்கா. "இப்ப புருசன் இல்லை. இப்ப ஏலுமோ?"

நான் கீழே பார்த்தேன். மேசை விரிப்பில் பூப்போட்டிருந்தது. அக்கா எழும்பிக் கேத்திலைப் போட்டார். தேத்தண்ணியை எனக்கு முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்:

"இதைக் கிழிச்சுப்போட்டு நடந்ததை எழுது. அவரைப் பற்றியும் நடந்ததை எழுது, உன்னைப் பற்றியும் எழுது. முப்பத்தோராம் நாள் எல்லாரும் சோத்துக் கோப்பையோட இருந்து வாசிக்கட்டும். அதுக்குப் பிறகு வாறதோ இல்லையோ எண்டு சொல்லுறன்."

இதோ எழுதிவிட்டேன். அச்சகத்துக்காரர், அண்ணை இதைப் போடத்தான் வேணுமோ என்று இரண்டு தரம் கேட்டார். போடுங்கோ என்றேன். ஆகவே இந்த மண்டபத்தில் இப்போது மரக்கறிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உறவினர் எல்லாருக்கும் அறியத் தருவது: அறிவிப்பாளர் ஒரு பெயரையும் தவறவிடவில்லை. அவர் நல்ல மனிதர், பதினொரு வருடம் என்னால் பழி சுமந்தார். பெயரை வெட்டியவன் நான். மிராசோல் அவர்கள் சடங்கைக் கெடுக்கவில்லை. அவர் ஏறுவதற்கு முன்னமே அது கெட்டுப்போயிருந்தது. ஆரணியின் கலியாணத்துக்கு எழுதியிருக்கும் பட்டியலில் முதல் பெயர் புவனேஸ்வரி மிராசோல். கைம்பெண் எடுக்கலாமோ என்று கேட்க விரும்புகிறவர்கள் என்னிடம் கேளுங்கள், வதனியிடமோ பிள்ளையிடமோ கேட்கவேண்டாம். எழும்பிப் போக விரும்புகிறவர்களுக்கு மண்டபத்துக்கு முன்னால் இலவச பார்க்கிங் உண்டு, வெளியே எடுப்பது சுலபம். அக்கா வருவாரோ, வந்தாலும் தட்டைத் தொடுவாரோ, எனக்குத் தெரியாது. நீங்கள் வாசிக்கும் இந்த நேரம் அவர் முன் மேசையில் இருப்பார். நான் இந்தத் தடவை அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மிராசோல் அவர்களை நான் கடைசியாகக் கண்டது போன மாரியில். சட்டன் ஸ்ரேஷனடி பஸ் தரிப்பில் மழைக்குள் நின்றார். குடை இல்லை. தலையில் பூசிய கறுப்பு மை கரைந்து நெற்றியில் ஒரு கோடாக இறங்கியிருந்தது. கையில் பாணும் லீக்ஸும் எட்டிப்பார்க்கும் பை. எங்கள் கார் சிவப்பு விளக்கில் நின்றது, ஓட்டியது ஒரு மாணவி. அவர் என்னைக் கண்டார். பையை நிலத்தில் வைத்தார். ஒரு கையை நெஞ்சில் வைத்து, மண்டபம் நிறைந்த சனத்துக்குச் செய்வதுபோல் இடுப்பு வரைக்கும் குனிந்தார். நான் காணாதவன் மாதிரிப் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தேன். விளக்கு பச்சையானது. "போங்கோ" என்று மாணவிக்குச் சொன்னேன். கண்ணாடியில் பார்த்தேன், அவர் இன்னும் நிமிரவில்லை. பஸ் வந்து மறைத்தது.

உங்களுக்குப் பாட வராது அத்தான். பொய் சொல்லவும் ஒழுங்காக வராது. உங்களைப் போல ஒரு வீண் பெருமைக்காரரை நான் என் கண்ணாடியில் மட்டும்தான் கண்டிருக்கிறேன். அன்றைக்கு யன்னலை இறக்கிச் சொல்லியிருக்கவேண்டியதை இப்போது சொல்கிறேன்.

நனையாதேங்கோ அத்தான். ஏறுங்கோ, வீட்டை கொண்டுபோய் விடுறன்.